கால்வாயை வெட்டுனது யாரு?
சேப்பாக்கம் பல்கலைக்கழகமும் பறக்கும் ரயிலும்

சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி, வாலாஜா சாலைக்கு வந்து, கடற்கரைப் பக்கம் திரும்பி நடந்தால் சில நிமிடங்களில் சென்னைப் பல்கலைக்கழகம் வந்துவிடும். படிக்கப் போகிறவர்கள், பட்டச் சான்றிதழுக்கு அலைகிறவர்கள், அஞ்சல்வழியில் பரீட்சை எழுதப் பணம் கட்டப் போகிறவர்கள் என்று எத்தனையோ பேர் நடந்த வழி. நானும் நடந்திருக்கிறேன். அந்த நிலையத்தின் தூண்களுக்குக் கீழே கறுப்பாக ஒரு தண்ணீர் அசையாமல் கிடக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போவோம். அது சாக்கடை என்றுதான் முதல் வருசம் பூராவும் நினைத்திருந்தேன். அது பக்கிங்காம் கால்வாய்.

அந்தக் கால்வாயை வெட்டுனது யாரு? பல்கலைக்கழகத்துக்குள்ளே போய் வரலாறு படித்தபோது இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்தைக் கட்டியவர் யார் என்றால் உடனே பதில் வரும்: சிஷோம் துரை. கால்வாய்க்கு யார் பெயர் என்றாலும் பதில் உண்டு: கவர்னர் பக்கிங்காம் பிரபு. மண்ணை வெட்டி, கூடையில் அள்ளி, தலையில் சுமந்து கொட்டியவர்களுக்கு மட்டும் பெயர் கிடையாது. கால்வாயும் பல்கலைக்கழகமும், பின்னால் வந்த ரயிலும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. இந்த மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் நம்ம சனங்களுக்கும் இந்த நகரத்துக்கும் உள்ள கணக்கு பிடிபடும். அதைச் சொல்லிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

1. தாது வருசம்

1876ல் மழை பொய்த்தது. தமிழ் ஆண்டுக் கணக்கில் அது தாது வருசம். தாது வருசப் பஞ்சம் என்று நம் கிழவிகள் வாயில் தலைமுறை தலைமுறையாக வந்த பஞ்சம் அதுதான். 1878 வரை நீடித்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 55 லட்சம் பேர் செத்திருப்பார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அதில் பெரும்பங்கு சென்னை மாகாணத்துடையது.

தானியமே இல்லாமல் வந்த பஞ்சம் இல்லை அது. தெற்கின் முதல் ரயில் 1856லேயே ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிவிட்டது. இருபது வருசத்துக்குள் இருப்புப்பாதை மாகாணம் முழுக்கப் பரவிவிட்டது. ரயில் இருந்தால் பஞ்சம் வராது, மிஞ்சிய ஊரிலிருந்து காய்ந்த ஊருக்குத் தானியம் போகும் என்றார்கள். நடந்தது வேறு. விலை எங்கே ஏறுகிறதோ அங்கே வியாபாரி தானியத்தை ஏற்றினான். விலை கொடுக்க முடியாதவன் ஊரிலிருந்து தானியம் கிளம்பிப் போனது. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த அரிசி சென்னைக் கடற்கரையில் மூட்டை மூட்டையாக, காவல் போட்டு, குவிந்து கிடந்தது. சிந்திய அரிசியை மணலோடு கூட்டி அள்ளிச் சலித்துத் தின்றவர்கள் அந்த மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே கிடந்தார்கள். வைஸ்ராய் லிட்டன் சந்தை விலையில் கை வைக்கக் கூடாது என்ற கொள்கையில் உறுதியாக இருந்தார். 1877 சனவரி 1ஆம் தேதி டெல்லியில் விக்டோரியாவை இந்தியாவின் மகாராணி என்று அறிவிக்கப் பெரும் தர்பார் நடத்தினார்.

பஞ்சத்தில் முதலில் விழுந்தது யார்? நிலம் இருக்கிறவன் விதை நெல்லைத் தின்றான், பிறகு மாட்டை விற்றான், பிறகு நகையை அடகு வைத்தான். அவன் கீழே இறங்குவதற்குப் பல படி இருந்தது. படியாளுக்கு இறங்கப் படியே இல்லை. மழை பெய்யாவிட்டால் நடவு இல்லை, அறுப்பு இல்லை, களத்தில் கிடைக்கிற கூலி நெல்லும் இல்லை. மிராசுதார் முதலில் நிறுத்துவது படியாளுக்கு அளக்கிற படியைத்தான். செங்கல்பட்டு, வட ஆற்காடு மாவட்டங்களில் படியாள் என்றால் பெரும்பாலும் பறையர். சேரியே கிளம்பியது. சிலர் இலங்கைத் தோட்டத்துக்கு, சிலர் பர்மாவுக்கு, சிலர் மொரீசியசுக்கும் நேட்டாலுக்கும் போனார்கள். மற்றவர்கள் பட்டணத்தைப் பார்த்து நடந்தார்கள்.

வந்தவர்களைச் சும்மா உட்கார வைத்துச் சோறு போட முடியாது, வேலை வாங்கிக்கொண்டுதான் கூலி கொடுக்க வேண்டும் என்றது அரசு. பஞ்ச நிவாரண வேலைகள் திறக்கப்பட்டன. அதில் ஒன்றுதான் இந்தக் கால்வாய். வடக்கே எண்ணூர்ப் பக்கம் 1800களின் தொடக்கத்திலேயே காக்ரேன் கால்வாய் என்று ஒன்று வெட்டியிருந்தார்கள். பிறகு அது ஆந்திரம் வரை நீண்டது. தெற்கே அடையாற்றிலிருந்து மரக்காணம் போகும் பகுதியும் உண்டு. நடுவிலே, பட்டணத்துக்குள்ளே, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையில் சுமார் 8 கிலோமீட்டர் இணைப்பு இல்லாமல் இருந்தது. 1877–78ல் பஞ்சத்துச் சனங்களை வைத்து அந்த 8 கிலோமீட்டரை வெட்டி இணைத்தார்கள். 1878ல் கவர்னரின் பெயரை வைத்தார்கள்.

என்ன கூலி? 1877 தொடக்கத்தில் வைஸ்ராய் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் வந்து நிவாரணக் கூலியைக் குறைத்தார். ஆம்பிளை ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, அதோடு ஓரணா. பெண்களுக்கும் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு. நாள் பூராவும் மண் வெட்டுகிறவன் உடம்புக்கு இது காணாது, இது ஆளைக் கொல்லும் என்று சென்னை அரசின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் எழுத்திலே எதிர்த்தார். சில மாதங்கள் கழித்துத்தான் கொஞ்சம் ஏற்றினார்கள். அதற்குள் செத்தவர்கள் செத்துப் போனார்கள். வரலாற்றில் இதற்கு ‘டெம்பிள் கூலி’ என்று பெயர். கூலி கொடுத்தவனின் பெயரும் நிலைத்துவிட்டது. வாங்கியவனுடையது இல்லை.

2. கூப்பிடு தூரத்தில் ஒரு கட்டடம்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பர் 5ஆம் தேதி சட்டத்தால் உருவானது. முதலில் அது பரீட்சை நடத்திப் பட்டம் கொடுக்கிற அமைப்பு மட்டுமே. அதற்கென்று ஒரு மாளிகை வேண்டும் என்று முடிவு செய்து, கடற்கரையில் செனட் ஹவுசைக் கட்டத் தொடங்கியது 1874ல். முடிந்தது 1879ல். கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம். வண்ணக் கண்ணாடிகளும் கும்பங்களும் தூண்களுமாக, இந்தோ-சாரசெனிக் பாணியின் சிறந்த கட்டடங்களில் ஒன்று என்று இன்றும் காட்டுகிறார்கள்.

இந்த ஆண்டுகளைத் திரும்ப ஒரு தடவை பாருங்கள். கட்டடம் 1874 முதல் 1879 வரை. பஞ்சம் 1876 முதல் 1878 வரை. கால்வாய் 1877–78. செனட் ஹவுசுக்கும் கால்வாய்க்கும் இடையே கூப்பிடு தூரம்தான். ஒரே அரசு. ஒரு பக்கம் வண்ணக் கண்ணாடி பொருத்துகிறார்கள். அதற்குப் பின்பக்கம் எலும்பும் தோலுமான சனம் ஒரு பவுண்டு தானியத்துக்கு மண் சுமக்கிறது. பஞ்சப் பணத்தில் பல்கலைக்கழகம் கட்டினார்கள் என்று நான் குற்றம் சாட்ட வரவில்லை. ஒன்றுக்கொன்று இவ்வளவு பக்கத்தில், ஒரே நேரத்தில் நடந்த இரண்டு வேலைகளில் ஒன்று மட்டும் ‘பாரம்பரியம்’ ஆகி, இன்னொன்று சாக்கடை ஆனது எப்படி என்று கேட்கிறேன்.

கட்டி முடித்த கட்டடத்துக்குள் யார் போனார்கள் என்பதும் தெரிந்த கதைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே பட்டம் வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் பிராமணர்கள். அதை எதிர்த்து 1916ல் பிராமணரல்லாதார் அறிக்கை வந்தது, நீதிக்கட்சி வந்தது, வகுப்புவாரி அரசாணைகள் வந்தன. இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதில் இல்லாதது நம்ம கதை. பல்கலைக்கழகம் வந்து 36 வருசம் கழித்து, 1893ல்தான் பஞ்சமர் கல்விக்கு என்று அரசு ஒரு விரிவான ஆணை போடுகிறது. அதுவும் ஆரம்பப் பள்ளிக்கு. அதே காலத்தில் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891ல் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையும், அதன் தொடர்ச்சியாக 1892ல் வந்த நில ஆணையும்தான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. பஞ்சத்தில் சேரியை விட்டுக் கிளம்பிய சனம் எந்த மாவட்டமோ அதே மாவட்டம்.

அரசு கொடுக்கும்வரை நம் முன்னோர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 1891ல் இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893ல் ‘பறையன்’ பத்திரிகையைத் தொடங்கினார். அதே ஆண்டு இந்தியாவிலேயே ஐ.சி.எஸ். தேர்வு நடத்த வேண்டும் என்று காங்கிரஸ்காரர்கள் கேட்டபோது, படித்த சாதிகளே எல்லாப் பதவியையும் அள்ளிக்கொள்ளும் என்று கூட்டம் போட்டு எதிர்த்து விண்ணப்பம் அனுப்பியது அந்தச் சபை. பல்கலைக்கழகப் பட்டம் யார் கையில் என்ன அதிகாரமாக மாறும் என்பதை அவர்கள் அப்போதே துல்லியமாகப் பார்த்தார்கள். 1894ல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார். அந்த முயற்சிகளோடு அயோத்திதாசப் பண்டிதருக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. 1907ல் பண்டிதர் ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ கொண்டுவந்தார். ராயப்பேட்டையும் அடையாறும் இந்தக் கால்வாய்க்குத் தூரமில்லை. கால்வாயின் ஓரமாகத்தான் நம்ம அறிவு வரலாறும் நடந்திருக்கிறது. அது பல்கலைக்கழகத்துக்குள் நுழைய இன்னும் நூறு வருசம் ஆயிற்று.

எம்.சி. ராஜா 1920களில் சட்டமன்றத்தில் கல்விக்காகப் பேசினார். என். சிவராஜ் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தி, 1945ல் சென்னை மேயரும் ஆனார். இவர்கள் நுழைந்தார்கள். இவர்கள் பின்னால் வர வேண்டிய கூட்டம் கால்வாய்க் கரையிலேயே நின்றது.

3. புறம்போக்கு

கால்வாயில் படகு ஓடிய காலம் ஒன்று இருந்தது. விறகு, உப்பு, நெல், சுண்ணாம்புக்கான கிளிஞ்சல் எல்லாம் படகில் பட்டணத்துக்கு வந்தன. லாரியும் ரயிலும் வந்த பிறகு படகு குறைந்தது. 1965, 1966 புயல்களுக்குப் பிறகு கால்வாய்ப் போக்குவரத்து அநேகமாகச் செத்துவிட்டது. கால்வாய் நகரத்தின் கழிவுநீருக்கு வாய்க்காலாகிவிட்டது.

அதன் இரு கரையிலும் குடிசைகள். சிந்தாதிரிப்பேட்டை, சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மந்தைவெளி, கோட்டூர்புரம் வரைக்கும் வரிசையாக. பெரும்பாலோர் தலித்துகள். கூடவே மீனவர்கள், முஸ்லிம்கள், கிராமத்தில் பிழைக்க வழியில்லாமல் வந்த மற்ற சாதி ஏழைகள். மாநகராட்சித் துப்புரவு வேலை, மார்க்கெட் மூட்டை, கொத்து வேலை, ரிக்சா, மயிலாப்பூர் வீடுகளில் பாத்திரம் தேய்ப்பது. நகரம் காலையில் எழுந்து முகம் கழுவ வேண்டுமானால் இந்தக் கரையிலிருந்து ஆள் போக வேண்டும்.

இந்த நிலத்துக்கு அரசாங்கப் பதிவேட்டில் பெயர் புறம்போக்கு. அளவையில் தீர்வைக்கு உட்படாமல் பொது உபயோகத்துக்கு ஒதுக்கிய நிலம் என்று அர்த்தம். பட்டா கிடையாது. அதே சொல் நம்ம ஊரில் வசவாகவும் ஆனது. ‘பொறம்போக்கு’ என்று ஒருத்தனைத் திட்டினால் அவனுக்கு நாதியில்லை, எவனும் மிதிக்கலாம் என்று பொருள். நிலத்துக்கு வைத்த பெயரை அதில் குடியிருக்கிற மனுசனுக்கும் வைத்துவிட்டது இந்தச் சமூகம். வெட்டிய காலத்தில் அவன் நிவாரணக் கூலி. குடியிருந்த காலத்தில் ஆக்கிரமிப்பாளன்.

1971ல் குடிசைப் பகுதிச் சட்டம் வந்தது. குடிசை இருக்கிற இடத்திலேயே, அல்லது அதற்குப் பக்கத்திலேயே அடுக்கு வீடு கட்டித் தருவோம் என்பது குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது சொன்ன கொள்கை. கடற்கரை ஓரத்திலும் கால்வாய் ஓரத்திலும் அப்படிக் கட்டிய வீடுகள் உண்டு. இடிந்து விழுகிற நிலையிலும் சனம் அந்த வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்கிறதே, ஏன்? வேலைக்கு நடந்து போகலாம். பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும் காலேஜுக்கும் நடந்து போகலாம். ஏழைக்கு நிலத்தின் மதிப்பு என்பது இதுதான்.

4. பறக்கும் ரயில்

சென்னைக்கு மின்சார ரயில் புதிதில்லை. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931லேயே ஓடியது. சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதியில் தங்கிப் படித்த நம் மாணவர்கள் பல தலைமுறையாக அந்த ரயிலில்தான் கல்லூரிகளுக்குப் போனார்கள். ஆனால் அந்தப் பாதை நகரத்தின் மேற்குப் பக்கம் போவது. கடற்கரை ஓரப் பகுதிகளுக்கு ரயில் இல்லை. அதற்காக 1970களில் திட்டமிட்டு, 1980களில் வேலை தொடங்கி, இழுத்துக்கொண்டே போய், 1995 நவம்பரில் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரைக்கும் முதல் ரயில் ஓடியது. 1997ல் மயிலாப்பூர். 2004ல் திருவான்மியூர். 2007ல் வேளச்சேரி. மொத்தம் சுமார் 19 கிலோமீட்டர். இரண்டாம் கட்டத்துக்கு மூன்றில் இரண்டு பங்குச் செலவை மாநில அரசு ஏற்றது. அதாவது நம்ம வரிப்பணம்.

பாதை எதன் மேல் போகிறது? பூங்கா நகரைத் தாண்டியதிலிருந்து பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டியும் அதன் மேலேயும் போகிறது. ஏன் கால்வாய்? தனியார் நிலத்தை வாங்க வேண்டியதில்லை, நட்ட ஈடு கொடுக்க வேண்டியதில்லை. பட்டாக்காரன் கோர்ட்டுக்குப் போவான். புறம்போக்கில் இருப்பவனை அப்புறப்படுத்தினால் போதும். 120 வருசம் முன்னால் நம்ம சனம் வெட்டிக் கொடுத்த 8 கிலோமீட்டர்தான் இந்த ரயிலுக்கு மலிவான நிலமாக வாய்த்தது.

ரயிலின் தூண்கள் கால்வாயின் படுகையிலேயே நிற்கின்றன. நிலையங்கள் தண்ணீரின் மேலேயே பூதம் மாதிரி எழும்பி நிற்கின்றன. கால்வாய் குறுகியது, வெள்ளம் போக இடம் சுருங்கியது. இதைச் சுற்றுச்சூழல் ஆட்கள் பல வருசமாகச் சொல்கிறார்கள். ஆனால் வெள்ளம் வருகிறபோதெல்லாம் ஆக்கிரமிப்பு என்று கைகாட்டப்படுவது ஓலைக்குடிசை. கான்கிரீட் தூணுக்கு யாரும் நோட்டீஸ் ஒட்டுவதில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த ரயில் நமக்கு வேண்டியிருந்தது. சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகமும் மாநிலக் கல்லூரியும். கோட்டூர்புரத்தில் இறங்கினால் அண்ணா பல்கலைக்கழகம் எட்டும் தூரம். தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இன்னொரு வளாகம். ஒரே பாதை இத்தனை படிப்பையும் கோத்துக்கொண்டு போகிறது. வடசென்னையிலிருந்தும் திருவள்ளூர் வழியிலிருந்தும் வருகிற பையன் சென்ட்ரலில் இறங்கிப் பூங்கா நகரில் மாறிக்கொண்டால் போதும். மாதச் சீட்டு பஸ்ஸைவிட மலிவு. மாணவர்களுக்கு ரயில்வே சலுகை உண்டு, எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குக் கூடுதல் தள்ளுபடி. முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவனுக்கு இதெல்லாம் சின்ன விசயமில்லை. சாப்பாட்டுக் காசு.

அந்தச் சலுகையை வாங்குவதற்கு ஒரு படிவம் உண்டு. கல்லூரியில் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். நான் படித்த இடத்தில் குமாஸ்தா அந்தப் படிவங்களைத் தூக்கிப் பிடித்து, வரிசையே கேட்கிற மாதிரி, “எஸ்.சி. பாரம் யாருதுப்பா?” என்பார். கையை நீட்டி வாங்க வேண்டும். அந்தக் கையை நீட்டாமல் முழுக் காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவர்கள் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். காசு இருந்து வாங்கவில்லை. மத்தியானம் டீ மட்டும் குடித்துவிட்டு வாங்கினார்கள். ரயில்வே கொடுத்த சலுகையைச் சாதி எப்படித் திருப்பிப் பிடுங்கிக்கொள்கிறது என்பதற்கு இதைவிட வேறு பாடம் எனக்கு வகுப்பில் கிடைத்ததில்லை.

5. ஏறியவர்கள், இறக்கிவிடப்பட்டவர்கள்

ரயில் வந்தபோது கரையில் இருந்தவர்கள் எங்கே போனார்கள்? 2000ஆம் ஆண்டிலிருந்து கால்வாய், கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களை ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகரில் குவித்தார்கள். 15 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். அடுத்துச் செம்மஞ்சேரி. அதற்கடுத்துப் பெரும்பாக்கம், எட்டு மாடி அடுக்குகளாக. எல்லாம் நகரத்தின் தெற்கு ஓரத்தில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றி. இருக்கிற இடத்திலேயே வீடு என்ற 1971ஆம் ஆண்டுப் பேச்சு முடிந்துபோனது. வாரியத்தின் பெயரை 2021ல் ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ என்று மாற்றினார்கள். ‘குடிசை மாற்று’ என்ற சொல் போனது.

சேப்பாக்கத்துக் கரையில் இருந்த வீட்டுப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் நடக்கிற தூரம். கண்ணகி நகரிலிருந்து அது பஸ் ஏறி, பழைய மகாபலிபுரம் சாலை நெரிசலில் நின்று, திருவான்மியூரில் இறங்கி, டைடல் பார்க்கைத் தாண்டி, படியேறி ரயிலைப் பிடித்து வருகிற தூரம். 2021லிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது நம்ம பெண்பிள்ளைகளுக்குப் பெரிய உதவிதான். ஆனால் பஸ் காசு இல்லாமல் கிடைத்தாலும் நேரம் காசில்லாமல் கிடைக்காது. காலையில் தண்ணீர் பிடித்து, தம்பி தங்கச்சியைக் கிளப்பிவிட்டு, ஒன்றரை மணி நேரம் பயணம் பண்ணி முதல் வகுப்புக்கு வந்து சேர வேண்டும். அம்மாவுக்கு மயிலாப்பூரில் வீட்டு வேலை போய்விட்டது. அப்பாவுக்கு மார்க்கெட் போய்விட்டது. குடும்ப வருமானம் விழுகிறபோது முதலில் நிற்பது மூத்த பிள்ளையின் படிப்பு. இடம்பெயர்த்த குடியிருப்புகளில் பள்ளி இடைநிற்றல் அதிகம் என்று எத்தனையோ ஆய்வுகள் சொல்லிவிட்டன. அந்த ஆய்வுகளை எழுதியவர்கள் பட்டம் வாங்கினார்கள். நின்ற பிள்ளை நின்றதுதான்.

முகவரி வேறு ஒரு தண்டனை. கண்ணகி நகர் என்றால் வேலை கொடுக்க யோசிக்கிறான், வண்டிக் கடன் கொடுக்க யோசிக்கிறான். சேரி என்ற சொல்லைச் சொல்லாமலே சேரியைச் சொல்வதற்கு நகரத்துக்கு ஓர் ஊர்ப்பெயர் கிடைத்துவிட்டது.

பழைய கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2022 ஏப்ரல் கடைசியிலும் மே மாதத் தொடக்கத்திலும் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், இதே பக்கிங்காம் கால்வாய்க் கரையில், உச்ச நீதிமன்ற உத்தரவின்படி வீடுகளை இடித்தார்கள். 250க்கு மேற்பட்ட வீடுகள். பொதுத்தேர்வு நடக்கிற நாட்கள் அவை. அங்கே குடியிருந்த பெரியவர் ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதற்குப் பிறகுதான் மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதியிலேயே மாற்று வீடு தரப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓர் உயிர் எரிந்தால்தான் ‘பக்கத்திலேயே வீடு’ என்ற ஐம்பது வருசத்துக்கு முந்தைய கொள்கை ஞாபகத்துக்கு வருகிறது. இடிக்கப்பட்ட வீடுகளுக்குப் பக்கத்தில்தான் பசுமைவழிச் சாலை நிலையமும் மந்தைவெளி நிலையமும் இருக்கின்றன. ரயில் அவர்கள் வாசலுக்கு வந்து சேர்ந்த பிறகு, வாசலை இடித்தார்கள்.

பொதுப்பணத்தில் கட்டிய ரயிலும் பொதுப் பல்கலைக்கழகமும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டால் மட்டும் ஏழைக்குக் கல்வி கிட்டிவிடாது. அந்த ரயிலுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடக்கிற தூரத்தில் அவன் குடியிருக்க வேண்டும். 18 சதவீத இட ஒதுக்கீடு என்பது பல்கலைக்கழகத்துக்குள்ளே நாற்காலி. நகரத்துக்குள்ளே வீடு இல்லாவிட்டால் அந்த நாற்காலி வரைக்கும் வந்து சேருவது யார்? இட ஒதுக்கீட்டுக்காகப் போராடிய நம் இயக்கங்கள் குடியிருப்பு உரிமையை அதே அளவுக்கு எடுத்துக்கொண்டு போராடவில்லை. இந்தச் சுயவிமர்சனம் நமக்கு வேண்டும்.

6. எழுத வேண்டியது

தோழர்களே, நம்மில் பலர் இன்று அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் ஆய்வு மாணவர்களாக இருக்கிறோம். தலைப்புக்கு அலைகிறோம். தலைப்பு வாசலிலேயே கிடக்கிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 1877, 1878ஆம் வருசத்து வருவாய், பொதுப்பணித் துறைக் கோப்புகள் இருக்கின்றன. நிவாரண வேலைக்கு வந்தவர்கள் எந்தெந்தத் தாலுக்காக்காரர்கள், எத்தனை பெண்கள், எத்தனை பிள்ளைகள், எத்தனை பேர் எந்தக் காய்ச்சலில் செத்தார்கள் என்று வெள்ளைக்காரன் எண்ணி எழுதி வைக்கிற வழக்கமுள்ளவன். அவன் கணக்கிலிருந்து நம்ம சனத்தைப் பிரித்து எடுக்க வேண்டியது நம் வேலை.

இன்னொரு ஆவணக் காப்பகம் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் இருக்கிறது. கால்வாய்க் கரையில் பிறந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, ஒரு நாள் லாரியில் சட்டி பானையோடு ஏற்றி அனுப்பப்பட்ட கிழவிகள் அங்கே இருக்கிறார்கள். படகு வந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. ரயில் தூணுக்குக் குழி தோண்டுகிற கூலி வேலைக்குப் போய், அதே தூணால் வீடு இழந்தவர்கள் உண்டு. அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒலிப்பதிவுக் கருவி இல்லாவிட்டால் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போங்கள். அவர்கள் பேசுகிற மொழியிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள்.

சேப்பாக்கம் நிலையத்தின் படிக்கட்டில் ஒரு பலகை வைக்கக் கேட்போம். ரயிலைத் திறந்து வைத்த அமைச்சரின் கல்வெட்டுக்குப் பக்கத்தில் அது இருக்கட்டும். தாது வருசப் பஞ்சத்தில் ஒரு பவுண்டு தானியத்துக்கு இந்தக் கால்வாயை வெட்டிய சனங்களின் நினைவாக என்று இருந்தால் போதும். அந்தப் பலகையைப் படித்துவிட்டு ஒரு பிள்ளை வாலாஜா சாலையில் திரும்பிப் பல்கலைக்கழகத்துக்குள் நுழையட்டும். நுழைகிற பிள்ளை பெரும்பாக்கத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த பிள்ளையாக இருக்கக் கூடாது. பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வந்த பிள்ளையாக இருக்க வேண்டும். நாம் கேட்க வேண்டியது பலகையை மட்டுமில்லை, அந்தத் தெருவையும்தான்.